குண்டூசி எடுத்த படம்

என் தங்கையை வீட்டில் எல்லோரும் குண்டூசி என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியாக இருப்பதால் மட்டும் வந்த பேர் இல்லை அது. பார்க்கச் சாதுவாக இருப்பாள், தொட்டால் குத்துவாள். கல்லூரியில் அவளிடம் செய்முறை வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் பயந்துபோய் மேடம், மேடம் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கு அவள் குண்டூசிதான். நான் தையல் கடை வைத்திருக்கிறேன். மூக்கு நுனியில் கோபம் என்று எனக்கு ஊரில் நல்ல பெயர். அளவு எடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நின்றுவிட்டு, அப்புறம் சட்டை இறுக்குகிறது என்று சண்டைக்கு வந்தால் கோபம் வராமல் கொஞ்சலா வரும்? சரி, அதை விடுங்கள். இப்போது நான் சொல்ல வந்தது அவளைப் பற்றி.

அவள் படிக்கக் கேட்டது வேதியியல். இடம் தீர்ந்துவிட்டது, நிலவியல்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். கல்லையும் மண்ணையும் படித்து நான் என்ன செய்யப் போகிறேன் என்று முதல் மாதம் முழுக்க மூக்கைச் சிந்தினாள். பிறகு ஒரு நாள் சாயங்காலம் கடைக்குள் மூச்சு வாங்க ஓடி வந்தாள். நான் ஒரு சட்டையின் பித்தான் ஓட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, கல்லைக் காகிதத்தை விட மெல்லிசா தேய்ச்சு, கண்ணாடியில ஒட்டி மைக்ராஸ்கோப்புல வெச்சா, கல்லுக்குள்ள வெளிச்சம் போகுதுக்கா! உள்ள அத்தனை கலர் இருக்கு!"

"சரிடி, செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா" என்றேன். துணி மேல் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள் மகாராணி. அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம். இன்னும் தெளியவில்லை.

படிப்பு முடிந்தது, அதே கல்லூரியில் ஆய்வுக்கூட வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, ஒரு பெண் பிறந்தாள். மாப்பிள்ளை மருத்துவமனையில் லிஃப்ட் பராமரிக்கிறவர், தங்கமான மனுஷன். இதற்கெல்லாம் நடுவில்தான் அவள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம், பிறகு தன் ஆராய்ச்சி. ஞாயிற்றுக்கிழமை என்றால் மாப்பிள்ளையே சமையல். எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிற ஜென்மம் இல்லை அவள். விட்டிருந்தால் நாங்கள் எல்லோரும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்போம் என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

அவள் ஆராய்ந்த பாறை பூமிக்கு வெகு ஆழத்தில் கிடந்தது. ரயில் சுரங்கம் தோண்டுவதற்கு முன்னால் சோதனைக்காகத் துளை போட்டார்கள். அப்போது கிடைத்த கருங்கல் துண்டு அவள் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு துளையைக் கான்கிரீட் ஊற்றி மூடிவிட்டார்கள். இனி வேண்டும் என்றாலும் அந்தக் கல் கிடையாது. அவள் அதை இடித்து, சலித்து, தண்ணீரில் அலசி, காந்தத்தால் இரும்புப் பொடியை எடுத்துவிட்டு, மிச்சத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்து ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பொறுக்கியதுதான் ஜிர்கான். நீங்கள் நினைக்கிற ஜிர்கான் கம்மல் இல்லை. இது தூசி, அவள் மணி என்பாள். நான் பார்த்தபோது பெரிதாகத் தும்மியிருந்தால் அவளுடைய ஆராய்ச்சி அன்றைக்கே முடிந்திருக்கும்.

அந்தத் தூசிக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறதாம். அதில் இருக்கிற யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும். எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் கல்லின் வயது தெரிந்துவிடும். லேசர் வைத்து மணியில் ஒரு குழி போட்டு, வருகிற புகையை அளப்பார்கள். குண்டூசியும் அப்படித்தான் அளந்தாள். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. வயது நூற்று இருபது கோடி வருஷம் என்று வந்தது. அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தில் எந்தப் பாறையும் உருவானதாக யாரும் கண்டதில்லை.

அவளுக்குக் காரணம் தெரிந்துதான் இருந்தது. ஒவ்வொரு மணியிலும் நடுவில் ஒரு பழைய மணி இருக்கிறது, ரொம்பக் காலம் கழித்து அதைச் சுற்றி வெங்காயம் மாதிரி புதிதாக ஒரு தோல் வளர்ந்திருக்கிறது, லேசர் இரண்டையும் சேர்த்துச் சுட்டுவிட்டது என்றாள். எழுதியும் கொடுத்தாள். எது நடு, எது தோல் என்று பார்த்துவிட்டுச் சுட்டிருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அதைப் பார்ப்பதற்கு ஒரு கருவி வேண்டும், அவள் கல்லூரியில் அது இல்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ரொம்பப் பொறுமையாகப் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம்மா. ஆனா உள்ள பழைய மணி இருக்குன்னு சொல்றீங்களே தவிர, காட்டலையே? காட்டுங்க, ஒத்துக்கறேன்."

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு என்று கொடுத்தார்கள். திருத்தி எழுதிக் கொடுக்க ஒரு தேதி. அதற்குள் காட்டாவிட்டால் பதிவு ரத்து, அத்தனை வருஷமும் தண்ணீரில் போட்ட மாதிரி. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. சாப்பிடவும் இல்லை. அழுதிருந்தால் திட்டிச் சமாதானப்படுத்தியிருப்பேன். சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளை என்ன செய்வது?

சுட்ட மணிகள் போனது போனதுதான். மிச்சமிருந்தவை எல்லாம் பொடிசு. ஒரு குழி போடுகிற அளவுக்கு இடம் இருந்தது ஒரே ஒரு மணியில்தான். அதைப் பிசினில் பதித்து, உறைய வைத்து, சட்டைப் பித்தானை விடக் கொஞ்சம் பெரிய வில்லையாகச் செய்து வைத்திருந்தாள். வில்லையின் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து மணியைப் பாதியாகத் திறக்க வேண்டும். குறைவாகத் தேய்த்தால் நடுப்பகுதி தெரியாது. அதிகமாகத் தேய்த்தால் மணியே இருக்காது.

பக்கத்து நகரத்தில் ஒரு பெரிய ஆய்வகம். எழுதிப் போட்டு, கெஞ்சி, கடைசியில் ஒரு காலைப் பொழுது அந்தப் படமெடுக்கும் கருவியைத் தருகிறோம் என்றார்கள். மறுநாள் லேசரும் உண்டு. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாக அனுப்பினால் இவள் பட்டினி கிடந்து மயங்கி விழுவாள் என்று நான் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே கிளம்பினேன். ரயிலில் வில்லையை ஒரு டப்பாவில் வைத்து, டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றி, மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"பெத்த பொண்ணைக் கூட நீ இப்படித் தூக்கினதில்லடி" என்றேன்.

"அவ கீழ விழுந்தா அழுவா. இது விழுந்தா நான் அழணும்" என்றாள். பரவாயில்லை, நாக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று எனக்குத் தெம்பு வந்தது.

ஆய்வகத்தில் அந்த அறை தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது, பல் கிட்டுகிற அளவுக்கு ஏசி. பீரோ உயரத்துக்கு ஒரு கருவி, பக்கத்தில் இரண்டு திரை. கருவியைப் பார்த்துக்கொள்கிறவன் ஒரு நெட்டைத் தம்பி, தலை குனிந்துதான் வாசலில் நுழைவான். கல் மேல் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் கல் தானாகவே மெல்லியதாக ஒளிரும், பழைய பகுதி ஒரு மாதிரி, புதிய பகுதி ஒரு மாதிரி, அந்த ஒளியைத்தான் படமாகப் பிடிப்போம் என்று எனக்கும் சொல்லிக் கொடுத்தான். கல்லில் மின்சாரம் ஓடாதாம். அதனால் முதலில் வில்லையின் முகத்தில் ஒரு மெல்லிய பூச்சு போட வேண்டும். வில்லையை வாங்கிக்கொண்டு, "டீ குடிச்சிட்டு வாங்க, ரெடியா இருக்கும்" என்றான்.

டீ குடித்துவிட்டு வந்தோம். ரெடியாகத்தான் இருந்தது. வில்லை தகதக என்று மின்னியது. எனக்குப் பார்க்க அழகாகக்கூட இருந்தது. குண்டூசியைப் பார்த்தேன், முகத்தில் ஈயாடவில்லை.

"கரிப் பூச்சு போடச் சொல்லி எழுதியிருந்தேனே" என்றாள்.

நெட்டைத் தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்த வாரம் முழுக்க அவன் பூச்சிகளின் காலையும் கொம்பையும் படமெடுத்துக்கொண்டிருந்தானாம். அதற்கெல்லாம் தங்கப் பூச்சு. பழக்கதோஷத்தில் கை தங்கத்துக்கே போய்விட்டது. தங்கம் பூசினால் கல்லிலிருந்து வருகிற ஒளி வெளியே வராது, படம் கருப்பாகத்தான் இருக்கும்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "ஏன் தம்பி, உனக்குக் கண்ணு பிடரியிலயா இருக்கு? நாங்க என்ன நகை செய்யவா வந்தோம்? பத்து வருஷ உழைப்புப்பா அது! தங்கம் பூசி வெச்சிருக்கியே, நல்லா இருப்பியா நீ?"

"அக்கா, தப்பு என்னோடதுதான். சத்தியமா தெரியாம நடந்துடுச்சு" என்றான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. அதற்கு மேல் எப்படித் திட்டுவது? மத்தியானத்துக்கு மேல் கருவி வேறொருவருக்கு. அடுத்து நேரம் கிடைக்க மாதக் கணக்காகும், அவளுடைய தேதி அதற்குள் போய்விடும். இதைக் கேட்டதும் அவனே மாடிக்கு ஓடி, மத்தியானம் வர வேண்டியவரின் கையைக் காலைப் பிடித்து, அந்த நேரத்தையும் எங்களுக்கு வாங்கி வந்துவிட்டான். நல்ல பையன்தான், அவசரப்பட்டுத் திட்டிவிட்டேன்.

"துணியில மேலாப்பல தேய்ச்சா தங்கம் போயிடும் மேடம். ஆனா அதோட நிறுத்திக்கங்க. மணி சின்னது, பிசினிலிருந்து பிடுங்கிட்டுப் போயிட்டா ஒண்ணும் பண்ண முடியாது" என்றான்.

கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய துணி, அதன் மேல் வைரப்பொடி கலந்த பசை. குண்டூசி வில்லையைக் கவிழ்த்துப் பிடித்து, எட்டு எழுதுகிற மாதிரி சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். தங்கம் துணியில் அழுக்காக வந்தது. கழுவி, துடைத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து, அடியில் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடியே இருந்தாள். திருகைக் கொஞ்சம் இப்படித் திருப்புவாள், கொஞ்சம் அப்படித் திருப்புவாள்.

"என்னடி? உடைஞ்சு போச்சா?"

"இல்லக்கா. நடுப்பகுதி இருக்கு. ஆனா இன்னும் கீழ இருக்கு."

எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். வில்லையின் முகத்தில் தேய்த்த கீறல்கள் தெளிவாகத் தெரியும்படி திருகை வைத்தால், மணிக்குள் இருக்கிற பழைய மணியின் விளிம்பு மங்கலாகத் தெரிகிறது. அந்த விளிம்பு தெளிவாகும்படி திருகினால் கீறல்கள் மங்கிவிடுகின்றன. அப்படியென்றால் அது மேற்பரப்புக்கு வரவில்லை, கீழே புதைந்திருக்கிறது. வீட்டில் தேய்க்கும்போது மணி போய்விடுமோ என்று பயந்து சீக்கிரமே நிறுத்திவிட்டிருக்கிறாள். தங்கம் பூசாமல் கரி பூசியிருந்தாலும் காலையில் வெறும் தோலைத்தான் படம் எடுத்திருப்பாள். உள்ளே ஒன்றுமில்லை என்று அவளே படம் எடுத்துக் காட்டியிருப்பாள்.

"இன்னும் தேய்க்கப் போறேன்" என்றாள்.

"வேண்டாம்டி! அந்தத் தம்பி என்ன சொன்னான்? இருக்கறதை வெச்சு எடுத்துக்கோ."

"இருக்கறதை எடுத்தா நான் பொய் சொன்ன மாதிரி ஆகும்க்கா. நான் பொய் சொல்லல."

"அப்ப தேய். ஆனா முதல்ல இதைச் சாப்பிடு" என்று பையிலிருந்து ரொட்டியை எடுத்து வாயில் திணித்தேன். கை நடுக்கத்தோடு ஊசியைத் தொடாதே என்று என் கடையில் வேலைக்கு வருகிறவர்களுக்கே சொல்கிறவள் நான். ரொட்டி முழுசும் உள்ளே போன பிறகுதான் வில்லையைக் கையில் கொடுத்தேன்.

நாலு எட்டுப் போடுவாள், கழுவுவாள், பார்ப்பாள். மறுபடி நாலு எட்டு. ஒவ்வொரு தடவை அவள் குனிந்து பார்க்கும்போதும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நெட்டைத் தம்பி சுவரோரமாக நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். "நீ வேற ஏன்ப்பா" என்று அவனுக்கும் ஒரு ரொட்டி கொடுத்தேன். ஒரு தடவை பார்த்துவிட்டு அவள் ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. மணி போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

"ரெண்டும் ஒண்ணா தெளிவா தெரியுதுக்கா" என்றாள். "கீறலும் விளிம்பும். மேல வந்துடுச்சு."

இந்தத் தடவை கரிப் பூச்சு. பூசும்போது நான் பக்கத்திலேயே நின்றேன், கரிதானே, கரிதானே என்று இரண்டு தரம் கேட்டேன். வில்லையைக் கருவிக்குள் வைத்து, கதவைச் சாத்தி, காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்தார்கள். திரையில் படம் சட்டென்று வந்துவிடாது. மேலிருந்து ஒவ்வொரு கோடாக இறங்கும். முதலில் கருப்பு. பிறகும் கருப்பு. அடுத்து மணியின் தலை, மங்கலான சாம்பல் நிறத்தில். சாம்பல், இன்னும் சாம்பல். என் தங்கை என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் நெளிந்திருக்கும், நல்லவேளை நான் வளையல் போடுவதில்லை.

பிறகு ஒரு கோட்டின் நடுவில் பளிச்சென்று ஒரு புள்ளி. அடுத்த கோட்டில் அது கொஞ்சம் அகலமானது. இன்னும் அகலமானது. சாம்பல் தோலுக்கு நடுவில், மூலைகள் மழுங்கி, வெளேரென்று ஒரு குட்டி மணி உட்கார்ந்திருந்தது. அதற்குள் மெல்லிய வரிகள் கூடத் தெரிந்தன. கண்ணுக்கே தெரியாத தூசிக்குள் இன்னொரு கல்! எப்போதோ எங்கேயோ பிறந்து, தேய்ந்து, புதைந்து, புதுத் தோல் வளர்த்துக்கொண்ட கல். இவள் அதைப் பார்க்காமலேயே அது அங்கே இருக்கிறது என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாளே!

"மேடம்!" என்று நெட்டைத் தம்பி கத்தியே விட்டான். நான் அவனை விடப் பெரிதாகக் கத்தினேன். குண்டூசி மட்டும் கத்தவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள், அந்த வாய்மொழித் தேர்வு நாளிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம். நான் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன்.

மறுநாள் லேசர். பழைய பகுதியின் அகலம் குழியை விடக் கொஞ்சம்தான் அதிகம். தவறினால் மறுபடியும் கலப்பு வயதுதான் வரும், சுடுவதற்கு வேறு மணி கிடையாது. முன்தினம் எடுத்த படத்தைப் பார்த்துப் பார்த்து அவளே இடத்தைக் குறித்தாள். தோலில் ஒரு குழி, நடுவில் ஒரு குழி. தோலின் வயது ஐம்பத்தைந்து கோடி வருஷம். நடுவின் வயது இருநூற்று ஐம்பது கோடி. எனக்குக் கோடியெல்லாம் கணக்கில் நிற்காது. இரண்டும் வேறு வேறு, நூற்று இருபது எங்கேயும் இல்லை, அது எனக்கும் விளங்கியது. கிளம்புகிற அவசரத்திலும் நெட்டைத் தம்பியைக் கெஞ்சி, சுட்ட பிறகு அதே மணியை மறுபடி ஒரு படம் எடுத்துக்கொண்டாள். எதற்கடி இது, ரயிலுக்கு நேரமாகிறது என்று நான் கத்தினேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாவது வாய்மொழித் தேர்வு. இந்தத் தடவையும் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து கேட்கலாம் என்றார்கள், முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கத்தில். மேடைக்கு எதிரே அதே கயிற்றுக் கண்ணாடிக்காரர். குண்டூசி படத்தைத் திரையில் போட்டதும் அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பழைய மணி இருக்கு. ஒத்துக்கறேன்" என்றார். "ஆனா அது எவ்வளவு சின்னது! உங்க குழி ஓரத்துல தோலையும் கொஞ்சம் தொட்டிருக்காதுன்னு எப்படி நம்பறது? மறுபடி அளக்க முடியுமா?"

"முடியாது சார். வேற மணி இல்லை."

குண்டூசி அடுத்த படத்தைப் போட்டாள். சுட்ட பிறகு எடுத்த படம். வெள்ளை நடுப்பகுதியில் கருகருவென்று ஒரு வட்டக் குழி, நாலு பக்கமும் வெள்ளை விளிம்பு மிச்சம் இருந்தது. தோலை அது தொடவே இல்லை. நான் காஜா எடுத்தாலும் அவ்வளவு நேர்த்தியாக வராது.

அவர் எழுந்து திரைக்குப் பக்கத்திலேயே போய்விட்டார். அந்தக் குழியைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டார். திரும்பி வந்து உட்கார்ந்து எதையோ எழுதினார். பக்கத்தில் இருந்தவரிடம் காதோடு காதாக ஏதோ பேசினார். அப்புறம் தலைவர் என்று ஒருவர் எழுந்து, இந்தத் துறையின் வரலாறு, கல்லூரியின் பெருமை, வந்தவர்களுக்கு நன்றி என்று ஆரம்பித்தார். முடிகிற மாதிரி தெரியவில்லை. குண்டூசி மேடையில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"சபையில யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார் தலைவர், யாருக்கும் இருக்காது என்கிற தைரியத்தில்.

நான் கையைத் தூக்கினேன். மாப்பிள்ளை என் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை. குண்டூசி கண்ணை மூடிக்கொண்டாள்.

"கேளுங்கம்மா."

"பட்டம் குடுத்தாச்சா, இல்லையா? அதைச் சொல்லிடுங்க முதல்ல. மத்ததெல்லாம் அப்புறம் சாவகாசமா பேசலாம்."

அரங்கம் முழுக்கச் சிரிப்பு. கயிற்றுக் கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"குடுத்தாச்சும்மா. அந்தக் குழியைப் பாத்தப்பவே குடுத்தாச்சு."

நான் எழுந்து நின்று கை தட்டினேன். உட்காரு அக்கா, உட்காரு என்று டாக்டர் குண்டூசி மேடையிலிருந்து கண்ணாலேயே கெஞ்சினாள். நான் எதற்கு உட்கார வேண்டும்? எல்லோரும் எழுந்து நிற்கும்வரை தட்டினேன்.